ஆஷாடத்து இரண்டு வாரம்

சௌபாக்யா உண்டானது சிராவண மாதத்தில் என்பதில் அவளுக்கும் அவள் புருஷன் மாதேஷுக்கும் சந்தேகமே இல்லை. அவர்கள் இருவரும் அப்போது அங்கே இருந்தார்கள். சிக்கனகெரெ தாலுகா ஆஸ்பத்திரி அங்கே இல்லை. இருந்தும், அது அதற்கு முந்தின மாதமான ஆஷாடத்திலேயே நடந்துவிட்டது என்று அட்டையில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரிதான்.

கல்யாணமான முதல் ஆஷாடத்தில் மருமகள் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. அந்த மாதம் கரு தங்கினால் பிள்ளை சைத்ர வெயிலில் பிறந்து வாடும் என்பார்கள். மாதேஷின் வீட்டில் இந்த விதிக்குக் காவல், அவன் அப்பாவின் அக்கா சிக்கதாயம்மா. அவன் அம்மா போன பிறகு அந்த வீட்டையும் இரண்டு எருமைகளையும் மாதேஷையும் அதட்டி வளர்த்தவள் அவள்தான். ஆஷாடம் பிறந்த அன்றே சௌபாக்யாவைப் பெட்டியோடு பஸ் ஏற்றினாள். மாதக் கடைசியில் பீமன அமாவாசை பூஜைக்கு மாதேஷ் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அத்தையும் கூடவே போனாள். அன்று ராத்திரி அவன் படுத்திருந்த அறையின் வாசலில் குறுக்கே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சிராவணம் பிறந்ததும்தான் மருமகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

கௌரிப் பண்டிகை சமயத்தில் சௌபாக்யாவுக்குச் சாம்பார் வாசனை குமட்டியது. அத்தை சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். தானும் வந்தாள்.

சிஸ்டர் புஷ்பலதாவின் மேஜையில் ஒரு வட்ட அட்டை இருந்தது. அதன் மேல் இன்னொரு சின்ன வட்டம். சின்னதைத் திருப்பினால் பெரியதில் பிரசவ தேதி வந்து நிற்கும். பல வருஷம் திருப்பியதில் ஓரம் நைந்து, மார்ச் பக்கம் எண்கள் அழிந்திருந்தன.

"கடைசியா எப்போ தூரமானே?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"பீமன அமாவாசைக்கு ஒரு பத்து நாள் முன்னாடி. பொறந்த வீட்டுல இருந்தேன்."

சக்கரம் சுழன்றது. "ஆறு வாரம்" என்று அட்டையில் எழுதினாள் சிஸ்டர்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் முப்பது வருஷம் பால் ஊற்றியவள், எண்கள் நன்றாகத் தெரியும். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வரும்வரை விரல் விட்டு வாரம் எண்ணினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

"லோ மாதேஷா, உன் பொண்டாட்டி நம்ம வீட்டுக்கு வந்து எத்தன வாரம் ஆச்சு?"

"நாலு, நாலரை இருக்கும் அத்தே."

"வயித்துல இருக்கறது ஆறு வாரம்னு போட்டிருக்கே. அது என்ன, ஒனக்கு முன்னாடியே டிக்கெட் எடுத்து உக்காந்துகிச்சா?"

திண்ணையில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போன சௌபாக்யா நிமிர்ந்தாள். "அத்தே, நீங்க என்ன கேக்கறீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல தாயி. ஆஸ்பத்திரி எழுதினதப் படிச்சேன்."

"அது ஆஸ்பத்திரிக் கணக்கு."

"ஆஸ்பத்திரிக்கு என்ன உன் மேல பகையா?"

சௌபாக்யா அழவில்லை. அவள் அழுகிற ரகமும் இல்லை. பெட்டியை எடுத்தாள். அந்தப் பெட்டிக்கு இந்த வருஷம் இது இரண்டாவது பயணம். வாசலில் நின்று மாதேஷிடம் சொன்னாள்: "உங்க அத்தை வாயில இருந்து சிராவணம்னு வரணும். வந்தா நானும் வருவேன். இல்லாட்டி புள்ளைக்கு அப்பன் பேரு மட்டும் நீங்க குடுத்தா போதும், மூஞ்சி காட்ட வேண்டாம்."

மாதேஷ் பால் சங்கத்தில் வேலை பார்ப்பவன். சண்டை போடத் தெரியாது. பொண்டாட்டி சொன்னதும் சரியென்று பட்டது, அத்தை படித்த எண்ணும் அட்டையில் இருந்தது. எண்ணை மாற்றிவிட்டால் பெட்டி திரும்பி வந்துவிடும் என்று நினைத்தான். மறுநாள் லீவு போட்டான். அந்த வருஷம் அவன் போட்ட லீவுகளில் அது முதலாவது.

டாக்டர் நாகவேணி காலையிலிருந்து பார்த்த வயிறுகளின் களைப்பில் இருந்தார். "யாருக்குமே கரு எந்த நாள் தங்கிச்சுன்னு தெரியாதுப்பா. கடைசியா தூரமான நாள் தெரியும். அதனால அங்க இருந்து எண்ணுறோம். ஊரு ஒலகம் பூரா இதே கணக்குதான்."

"அப்போ அந்த முதல் ரெண்டு வாரம் என் பொண்டாட்டி கர்ப்பமா இல்லையா மேடம்?"

"இல்ல."

"ஆனா அட்டையில கர்ப்பம்."

"ஆமா."

"அவ அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம், பொறந்த வீட்டுல. நான் இந்தப் பக்கம் இருந்தேன்."

"முதல் ரெண்டு வாரத்துக்கு நீ தேவையே இல்லப்பா" என்றார் டாக்டர். "அடுத்த ஆளு வாங்க."

மாதேஷ் நகரவில்லை. "எங்க சங்கத்துல மாட்டுக்கு ஊசி போட்ட நாளை எழுதி வைக்கறோம் மேடம். அன்னிலேருந்துதான் மாசம் எண்ணுறது. எந்த எருமைக்கும் வீட்டுல சண்டை வந்ததில்ல."

"அது கால்நடைத் துறை" என்றாள் பக்கத்தில் நின்ற சிஸ்டர், சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே. "அவங்ககிட்ட சக்கரம் இல்ல."

சொந்தச் செலவில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மாமனார் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, சௌபாக்யாவை அழைத்து வந்தான். போகும்போதும் வரும்போதும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் கடைக்காரர் கருவை அளந்து வேறொரு எண் சொன்னார். சக்கரத்தின் எண்ணுக்கும் அதற்கும் மூன்று நாள்தான் வித்தியாசம். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு அத்தையிடம் என்ன பேசுவது? "நீங்களும் அந்த ரெண்டு வாரத்தச் சேர்த்துத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டான். "சேர்க்காம சொன்னா டாக்டருங்க எங்ககிட்ட ஆள் அனுப்ப மாட்டாங்க" என்றார் அவர். ஆனால் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்தக் கணக்கு முன்பின் இரண்டு வாரம் மாறக்கூடும்.

மாதேஷ் அந்த வரியை மூன்று முறை படித்தான். இரண்டு வாரம். அவனுக்கு வேண்டியதும் சரியாக அதுதான். கடையில் மீந்த சில்லறையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தான். அங்கேயே இருக்கிறது, யாரும் கேட்காததால் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

தாலுகா சுகாதார அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. கர்ப்ப வாரச் சீராய்வுப் பிரிவு. அதன் மேலதிகாரி ஹொன்னப்பா. கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, சட்டைப்பையில் நான்கு நிறத்தில் பேனா. மாதேஷ் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்த அலுவலகத்தில் முழுக்கக் கேட்கப்பட்ட முதல் மனு அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஹொன்னப்பாவுக்கு அதைவிட நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"உக்காருங்க. கர்ப்பம்னா ஏதோ புருஷன் பொண்டாட்டி விஷயம்னு நெனைக்கறீங்க. இல்ல. அது ஒரு அரசுத் திட்டம். திட்டத்துக்கு ஒரு தொடக்கத் தேதி உண்டு, முடிவுத் தேதி உண்டு. இப்போ பாலம் கட்டறோம். பூமி பூஜை ஒரு நாளு, வேலை ஆரம்பிக்கறது இன்னொரு நாளு. கல்வெட்டுல எந்தத் தேதி போடறோம்?"

"பூமி பூஜை."

"பாத்தீங்களா!"

"பூமி பூஜைக்காவது நாலு பேரு வருவாங்க ஸ்வாமி. இதுல ஒருத்தர்கூட வரலையே."

ஹொன்னப்பா அதைக் காதில் வாங்கவில்லை. சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். "போன வருஷம் இந்தத் தாலுகாவுல நாங்க குறிச்சுக் குடுத்த தேதியில பொறந்த குழந்தைங்க எத்தனன்னு நெனைக்கறீங்க? நாலு! மத்ததெல்லாம் இஷ்டத்துக்கு முன்னபின்ன பொறந்திருக்கு. தாய்மாருங்களுக்கு ஒழுங்கு பத்தல. அந்த நாலு பேருக்கும் மேடை போட்டு குக்கர் குடுத்தோம். அதுல ஒருத்தி, நோவு முந்தின நாளே வந்தும் அடக்கிக்கிட்டேன்னு சொன்னா. அவளுக்கு ரெண்டு குக்கர்."

படத்தில் நான்கு பெண்கள் குக்கர்களோடு நின்றார்கள். குழந்தைகள் படத்தில் இல்லை. ஹொன்னப்பா நடுவில் இருந்தார்.

மாதேஷ் ஸ்கேன் காகிதத்தை நீட்டினான். பொடி எழுத்து வரியைக் காட்டினான். ஹொன்னப்பாவின் முகம் மாறியது. எழுத்தில் இருக்கிற எதையும் மதிப்பவர் அவர்.

"ரெண்டு வாரம் குறைக்க வழி இருக்கு. ஆனா சும்மா குறைச்சிட முடியாது. அரசாங்கம் குடுத்த வாரம் அது. ஆஷாடத்துல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இல்லன்னு அத்தாட்சி வேணும்."

"நடக்காததுக்கு எப்படி ஸ்வாமி அத்தாட்சி?"

"நடந்ததுக்குத்தான் அத்தாட்சி கிடைக்காது. நடக்காததுக்குச் சுலபமா கிடைக்கும். கிராம கணக்கருகிட்ட ஒண்ணு, மாமனார் ஊருல ஒண்ணு. அப்புறம் கண்ணால பாத்த சாட்சி ஒருத்தர்."

"எதைப் பாத்த சாட்சி?"

"ஒண்ணும் நடக்காததைப் பாத்த சாட்சி."

கிராம கணக்கருக்கு இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்துப் பழக்கமில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது என்று கொடுக்கிற சான்றிதழின் வாசகத்தையே எடுத்து, நிலம் என்ற இடத்தில் பெயர்களைப் போட்டுக் கொடுத்தார். மாமனார் ஊர்க் கணக்கர், மழை விட்டதும் தருகிறேன் என்றார். மழை விட்டது. கரும்பு வெட்டு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. தசரா வந்து போனது. தீபாவளியும் வந்து போன பிறகுதான் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதேஷ் இரண்டு பஸ் மாறி மாமனார் ஊருக்குப் போய், கொய்யாவும் மத்தூர் வடையும் கொடுத்துவிட்டு வந்தான். சௌபாக்யா வடையை வாங்கிக்கொண்டாள். "குறைஞ்சுதா?" என்று மட்டும் கேட்பாள். "ஆகிட்டு இருக்கு" என்பான். அவள் வயிறு மேடிட்டுக்கொண்டே வந்தது. அதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

கண்ணால் பார்த்த சாட்சி என்றால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். மாதேஷ் தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னான். அவள் சண்டைக்கு வருவாள் என்று பயந்தான். ஆனால் அத்தைக்கு வீடு வெறிச்சென்று போய் மாதக்கணக்காகியிருந்தது. தனக்கும் அவனுக்குமாக இரண்டு ராகி உருண்டை கிண்டி, எதிரெதிரே உட்கார்ந்து விழுங்கி, அவளும் ஓய்ந்திருந்தாள். தானே சொன்னதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் அது வேறு.

ஹொன்னப்பாவின் மேஜை முன்னால் நிமிர்ந்து நின்றாள். "பீமன அமாவாசை அன்னிக்கு வாசக்கால்ல குறுக்க படுத்திருந்தேன். எறும்புகூட உள்ள போகல."

"கண் அசந்தீங்களா?"

"நானா? பொட்டுத் தூக்கம் இல்ல."

"அப்போ கர்ப்பம்?"

"சிராவணம்" என்றாள் சிக்கதாயம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு. இடது கட்டை விரலை ஊதா மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தாள்.

ஆணை வந்தது. அதற்கு ஒரு சின்ன விழாவும் நடந்தது. கோரிக்கை வைத்த குடும்பத்துக்கு இரண்டு வாரங்களைக் குறைத்து வழங்கிய முதல் தாலுகா சிக்கனகெரெதான் என்று ஹொன்னப்பா ஒலிபெருக்கியில் பேசினார். பழைய அட்டையை வாங்கிக் கிழித்துவிட்டுப் புது அட்டை கொடுத்தார்கள். பிரசவ தேதியும் இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மாதேஷ் கண்ணில் பட்டதெல்லாம் பெட்டிதான். மறுநாளே சௌபாக்யா பெட்டியோடு வந்து இறங்கினாள். அத்தை ஆரத்தி எடுத்தாள். பச்சை வளையல் அடுக்கி சீமந்தம் நடந்தது. வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போக வேண்டும். ஆனால் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அட்டையை மாற்றினால் சக்கரத்தை மறுபடி சுற்றுவார்கள் என்று தெரிந்தது. போன இரண்டு வாரம் திரும்பி வந்துவிடும். அதனால் இங்கேயே இருக்கட்டும் என்று அத்தையே சொல்லிவிட்டாள்.

யுகாதிக்கு வேம்பும் வெல்லமும் தின்று, ஒப்பட்டுப் போளி தின்று, நாளாக ஆகச் சௌபாக்யா நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம், எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிஸ்டர் புஷ்பலதா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"முப்பத்தாறு வாரம்தானே ஆகுது? முப்பத்தேழுக்குக் கீழ இருந்தா இங்க எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர். குறைமாசக் குழந்தைக்கு இங்க மெஷின் இல்ல. மைசூருக்குக் கொண்டு போங்க."

"குறைமாசம் இல்ல சிஸ்டர். நீங்களே தொட்டுப் பாத்தீங்களே!"

"தொட்டா நெறமாசம்தான். தலை எறங்கி நிக்குது. ஆனா அட்டை?"

"டாக்டரம்மா?"

"வாரச் சீராய்வுக் கூட்டத்துக்குப் போயிருக்காங்க."

ஆம்புலன்ஸ் இன்னொரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு மைசூருக்குப் போயிருந்தது. அவளுக்கும் ஏதோ வாரம் உதைத்திருந்தது. சௌபாக்யா பெஞ்சில் பக்கவாட்டில் சாய்ந்து பல்லைக் கடித்தாள். "இவங்க கணக்கு முடியறதுக்குள்ள நான் இங்கயே பெத்துருவேன்" என்றாள்.

கூட்டம் அதே கட்டடத்தின் மாடியில்தான். மாதேஷ் ஓடினான். பின்னாலேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தையும் ஏறினாள். மேடையில் ஹொன்னப்பா பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் டாக்டர் நாகவேணி கன்னத்தில் கை வைத்தபடி கண் மூடி உட்கார்ந்திருந்தார்.

"ஸ்வாமி, அந்த ரெண்டு வாரத்தத் திருப்பிக் குடுத்துருங்க!" என்றான் மாதேஷ்.

ஹொன்னப்பாவுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"இப்ப வேணும் ஸ்வாமி. வலி எடுத்திருச்சு. அட்டையில கம்மியா இருக்குன்னு உள்ள விட மாட்டேங்கறாங்க."

"குடுத்ததத் திருப்பி வாங்க வழி இருக்கு. வாங்கினதத் திருப்பிக் குடுக்கத்தான் வழி இல்ல. ஆஷாடத்துல எதுவும் நடக்கலன்னு சாட்சி கோப்புல இருக்கு. கைநாட்டு இருக்கு."

"அந்தக் கை இதுதான்!" என்று கட்டை விரலைத் தூக்கினாள் சிக்கதாயம்மா. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எழுதுங்க ஸ்வாமி! ஆஷாடம்தான்! என் மருமக ஆஷாடத்துலயே உண்டாயிட்டா!"

"அம்மா, நீங்கதானே வாசல்ல குறுக்க படுத்திருந்தீங்க? எறும்புகூட போகலன்னீங்க?"

அத்தை தூக்கிய கட்டை விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அந்த ஊரில் அவளுக்கு அறுபது வருஷத்துப் பேர் இருந்தது. தூங்காதவள் என்று பேர்.

"தூங்கிட்டேன்" என்றாள். "படுத்த ஒடனே தூங்கிட்டேன். கொறட்டை விட்டேன். எறும்பு என்ன, எருமையே என்னத் தாண்டிப் போயிருக்கும். போதுமா? எழுதுங்க!"

டாக்டர் நாகவேணி கண்ணைத் திறந்தார். "சார், சக்கரத்துலயே ஒரு தடவை திருப்பிப் பாத்துடலாம், ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினார். ஹொன்னப்பா பச்சைப் பேனாவை எடுத்து, வழங்கப்பட்ட இரண்டு வாரக் குறைப்பை ரத்து செய்து எழுதத் தொடங்கினார். முதல் பத்தியை எழுதி முடிப்பதற்குள் கீழே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. இரண்டாவது பத்தி முக்கியமானது.

பெண் குழந்தை. ஒரு குறையுமில்லை. நிறைமாசம்.

சாயங்காலம் அத்தை பிரசவ வார்டுக்குள் வந்தபோது அவள் இடது கட்டை விரல் மறுபடியும் ஊதாவாக இருந்தது. ஆஷாடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு காகிதம், ஆஷாடத்தில்தான் நடந்தது என்று இன்னொரு காகிதம். இரண்டும் ஒரே கோப்பில், ஒரே விரலின் ரேகையோடு, சிக்கனகெரெ அலுவலகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இதுவரை யாரும் ஆட்சேபம் எழுப்பவில்லை. கைநாட்டு பொருந்துகிறது.

சௌபாக்யா அந்த விரலைப் பார்த்தாள். மாடியில் நடந்தது முழுக்க அதற்குள் வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தே," என்றாள் சௌபாக்யா, மெலிந்த குரலில், "அப்போ இவ எந்த மாசத்துப் புள்ளை?"

"பொறந்தது சைத்ரத்துல. அது போதும்" என்றாள் அத்தை. குழந்தையைத் துணியோடு வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஊதா விரலை மட்டும் மை ஒட்டாமல் இருக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "வெயில்தான். ஒரு மின்விசிறி வாங்கச் சொல்லு அவன."

மாதேஷ் வெளியே பெஞ்சில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் ஒரு காகிதத்தோடு அவனைத் தேடி வந்தாள். குழந்தை குறித்த தேதியில் பிறக்காததற்குக் காரணம் எழுதித் தர வேண்டுமாம்.

அவன் எழுதவில்லை. தூங்கிப்போயிருந்தான்.